பிரேக் மிதித்தால் அணையும் விளக்கு

முதலில் கண்டுபிடித்தது நான் இல்லை, எதிர்வீட்டுப் பையன். ராத்திரி ஒன்பது மணி இருக்கும். வண்டியைச் சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று "வா, வா, வா" என்று கை காட்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஜன்னல் பக்கம் வந்தான்.

"அண்ணே, பிரேக் போட்டா உங்க லெப்ட்டு லைட்டு அணையுதுண்ணே."

"எரியுதுன்னு சொல்லு."

"இல்லண்ணே. அணையுது."

அவனையே சீட்டில் உட்காரவைத்துப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நின்றேன். சரியாகத்தான் சொல்லியிருந்தான். பார்க் லைட் மட்டும் எரியும்போது இரண்டு பக்கமும் ஒரே சிவப்பு. பெடலை மிதித்தால் வலது பக்கம் பளிச்சென்று ஏறுகிறது, இடது பக்கம் சுத்தமாக இருட்டாகிறது. காலை எடுத்தால் இடது பக்கம் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி எரிகிறது.

வண்டி 2007 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். அப்பா ஓய்வுபெற்றபோது வந்த பணத்தில் வாங்கியது. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எஞ்சினில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் நாங்கள் இருப்பது வடசென்னையில், காசிமேட்டுப் பக்கம். கடல் நடந்துபோகிற தூரம். எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ரெட் ஆக்சைடு அடிக்காவிட்டால் பொரிந்து உதிரும். அதே உப்புக்காற்றில்தான் வண்டியும் பதினாறு வருஷமாகத் தெருவில் நின்றது. போதாததற்கு 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் கதவின் அடிவிளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கார்ப்பெட் ஊறிவிட்டது. சீட்டையெல்லாம் கழற்றி மொட்டைமாடியில் காயவைத்தோம். செல்ஃப் அடித்ததும் ஸ்டார்ட் ஆனது. அப்பாடா என்று இருந்துவிட்டோம்.

வினை உடனே வரவில்லை. அடுத்த கோடையில் ஆரம்பித்து ஒன்றொன்றாக வந்தது. பகலில் பிரேக் மிதித்தால் மீட்டர் போர்டு மங்கலாக ஒளிரும். இடது இண்டிகேட்டர் படபடவென்று அவசரமாகத் துடிக்கும். டிக்கியைத் திறந்தால் சில நாள் ஃபியூஸ் போகும், சில நாள் போகாது. ஹெட்லைட் வெளிச்சம் சிம்னி விளக்கு அளவுக்கு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்காவது போய்வந்து நிறுத்தினால் வியாழக்கிழமை காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். அதுவும் பெரும்பாலும் வியாழன்தான். குரு சரியில்லை என்று அம்மா தட்சிணாமூர்த்திக்குக் கொண்டைக்கடலை மாலையே போட்டுவிட்டு வந்தார்.

இந்த ஒரு வருஷத்தில் நான் மாற்றியவை: இடது பின்விளக்கு பல்பு நான்கு, இண்டிகேட்டரைத் துடிக்கவைக்கும் ஃபிளாஷர் ரிலே ஒன்று, ஸ்டீயரிங் அடியில் இருக்கும் காம்பினேஷன் சுவிட்ச் ஒன்று (இதுதான் பர்ஸைக் காலி செய்தது), பேட்டரி ஒன்று. ஃபியூஸுக்குக் கணக்கே இல்லை. ஒவ்வொரு தடவையும் பத்து நாள் நன்றாக இருக்கும். பிறகு பழைய கதைதான். அந்தப் பத்து நாள் ஏன் நன்றாக இருந்தது என்பது இப்போது தெரிகிறது. பல்பு மாற்றும்போது ஹோல்டரை ஆட்டுகிறோம், கப்ளரைக் கழற்றி மாட்டுகிறோம். அந்த உரசலில் கொஞ்சம் துரு விலகித் தொடர்பு கிடைக்கிறது. புது பல்புதான் சரிசெய்தது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் ஹை ரோட்டை ஒட்டிய ஒரு தெருவில் வயரிங் வேலை மட்டும் பார்க்கும் பாய் ஒருவர் இருக்கிறார். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளில் தொழில் கற்றவர். என் பட்டியலைச் சொன்னேன். முழுக்கக் கேட்கக்கூட இல்லை.

"பல்பு இன்னா பண்ணும் தம்பி, பாவம்? கரெண்ட்டு போறதுக்கு வழி வெச்சிருக்க. திரும்பி வர்றதுக்கு வழி இருக்கா பாத்தியா?"

நான் பெருமையோடு என் மல்டிமீட்டரை எடுத்தேன். பல்பு ஹோல்டரில் 12 வோல்ட் வருகிறது பாய், நானே பார்த்தேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு துண்டு வயரை எடுத்து, நடுவில் ஓரிடத்தில் பிளேடால் கீறி, உள்ளேயிருந்த செம்பு இழைகளை ஒவ்வொன்றாக வெட்டி, ஒரே ஒரு முடி அளவு இழையை மட்டும் விட்டுவைத்தார். ஒரு முனையை பேட்டரியில் தொட்டு, மறுமுனையில் என் மீட்டரை வைக்கச் சொன்னார். 12.5 காட்டியது. பிறகு தன்னுடைய கருவியை எடுத்தார். கருவி என்றால், ஒரு 21 வாட் பிரேக் பல்பு, அதில் பற்றவைத்த இரண்டு வயர், அவ்வளவுதான். அதே முனையில் அதை வைத்ததும் அந்த ஒற்றை இழை சிவந்து புகைந்து அறுந்தது. பல்பு ஒரு கணம் மினுக்கியதோடு சரி.

மீட்டர் பொய் சொல்லவில்லை. மீட்டர் இழுக்கும் கரெண்ட் ஒன்றுமேயில்லை என்கிற அளவுக்குக் குறைவு. அதற்கு ஒற்றை முடி போதும். பல்புக்கு முழு வயர் வேண்டும். பழைய வண்டியின் வயரிங்கை பல்பு எரிகிற நிலையில், அதாவது சுமை ஓடும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, இடம் மாற்றி வைத்தால் போதும். பேட்டரியின் மைனஸ் முனையில் ஒரு குச்சி, பல்பு ஹோல்டரின் எர்த்தில் (கரெண்ட் வண்டியின் பாடித் தகடு வழியாக பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப்போகும் இணைப்பு) ஒரு குச்சி. விளக்கு எரியும்போது இரண்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் திரும்பும் பாதை நன்றாக இருக்கிறது. எனக்கு பிரேக் மிதித்தபோது பதினொன்றைத் தாண்டியது. அதாவது இடது பின்விளக்குக்கு எர்த் என்ற ஒன்றே இல்லை.

அப்படியானால் அது எரிந்தது எப்படி? இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு ராத்திரி பிடித்தது.

பின்விளக்கு பல்பில் இரண்டு இழை. 5 வாட் இழை பார்க் லைட்டுக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. இரண்டுக்கும் தனித்தனி பிளஸ் வயர். திரும்பிப்போக ஒரே எர்த். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் என்ன செய்வோம்? காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் ஏதாவது சந்தில் புகுந்து சுற்றிப் போவோம். கரெண்ட்டும் அதையே செய்கிறது. 5 வாட் இழைக்குள் வந்தது எர்த் கிடைக்காமல், பக்கத்து 21 வாட் இழையில் ஏறி, பிரேக் வயரைப் பிடித்துப் பின்னோக்கிப் போய், வலது பக்க பிரேக் பல்புக்குள் நுழைந்து, அந்தப் பக்கத்து எர்த்தில் இறங்கிவிடுகிறது. 21 வாட் இழைகளுக்கு இந்தச் சில்லறைக் கரெண்ட் ஒரு பொருட்டே இல்லை, அவை சிவக்கக்கூட இல்லை. 5 வாட் இழை மட்டும் ஏறக்குறைய முழு வெளிச்சத்தோடு எரிகிறது. ராத்திரி பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பிரேக்கை மிதித்த உடனே அந்தச் சுற்றுப்பாதையின் மறுமுனையிலும் 12 வோல்ட் வந்து நின்றுவிடுகிறது. இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், கரெண்ட் நகர இடமில்லை, விளக்கு அணைகிறது.

பகலில் மீட்டர் போர்டு ஒளிர்ந்ததும் இதே கதைதான், திசை மட்டும் வேறு. பிரேக் கரெண்ட் 5 வாட் இழை வழியாகப் பார்க் லைட் வயருக்குள் புகுந்து, அந்த வயரில் தொங்கும் மீட்டர் போர்டு பல்பு, நம்பர் பிளேட் பல்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. இடது இண்டிகேட்டருக்கும் அதே எர்த்தான். போதிய கரெண்ட் ஓடாததால் பல்பு போய்விட்டது என்று ஃபிளாஷர் நினைத்துக்கொண்டு வேகமாகத் துடித்தது. அதற்காக நான் ஃபிளாஷரை மாற்றினேன்! நான்கு பல்பு, ஒரு ஃபிளாஷர் எல்லாவற்றுக்கும் காரணம், எர்த் வயரைப் பாடியோடு இணைக்கும் ஒரே ஒரு போல்ட்.

அந்த போல்ட்டைத் தேடிப் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றினேன். எப்போதும் மைனஸ்தான் முதலில். பிளஸைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். மைனஸ் கழன்றிருந்தால் பட்டாலும் ஒன்றும் ஆகாது. டிக்கிக்குள் இடது பக்கத்து பிளாஸ்டிக் பேனலைப் பிடித்து இழுத்தேன். இரண்டு கிளிப் உடைந்தது. உடையாமல் வந்ததாக இதுவரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

உள்ளே ஈரத்துணி வாடை. பின்விளக்கைச் சுற்றியிருந்த ரப்பர் பீடிங் சுருங்கிப்போய் மேல் மூலையில் விரல்நகம் நுழையும் இடைவெளி. மழைத்தண்ணீர் அதன் வழியே வந்து பாடித் தகட்டில் ஒரு கோடு போட்டிருந்தது, வெள்ளை ஓரத்தோடு பழுப்புக் கோடு. அந்தக் கோடு நேராகப் போய் நின்ற இடத்தில் 10 எம்.எம். போல்ட். அதில் மூன்று கறுப்பு வயர் சேர்ந்த ஒரு திம்பிள், அதாவது வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக வளையம். போல்ட் தலை ஊதிப்போய் ஓமப்பொடி மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. ஸ்பானர் வைத்து அரைச் சுற்று திருப்பினேன். 'டக்' என்ற சத்தம்கூட வரவில்லை, பிஸ்கட் உடைவதுபோல மெத்தென்று தலை கையோடு வந்துவிட்டது. திம்பிளைப் பிரித்துப் பார்த்தால் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த முகம் முழுக்கப் பச்சை.

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். பாட்டி வீட்டுச் செப்புக்குடத்தில் கழுத்து மடிப்பில் படியுமே, அதே களிம்பு. பாட்டி புளி போட்டுத் தேய்ப்பார். நானும் ஒரு நிமிஷம் புளியைப் பற்றி யோசித்தேன் என்று பாயிடம் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். குடத்தைத் தேய்த்தபின் கழுவிக் கவிழ்த்துவிடலாம். வயர் இழைகளுக்குள் போன புளிப்பை எப்படிக் கழுவுவது? ஒரு வாரத்தில் மறுபடி பச்சை கட்டும்.

வயரை வெட்டினேன். கறுப்புத் தோலை உரித்தால் உள்ளேயும் செம்பு கறுத்துக் கிடந்தது. இன்னும் ஒரு அங்குலம் வெட்டினேன், இன்னும் கறுப்பு. "செம்பு சிரிக்கிற வரைக்கும் வெட்டு" என்பது பாய் சொன்ன விதி. திரிவிளக்கில் எண்ணெய் ஏறுவதுபோல இழைகளுக்கு நடுவே ஈரம் ஏறிவிடுமாம். மூன்றே முக்கால் அங்குலம் போன பிறகுதான் செம்பு சிரித்தது. கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது, உருண்டு ஓடிவிடும். அதனால் இதில் ஏமாற்றவே முடியாது.

பழைய ஓட்டையை விட்டுவிட்டு இரண்டு அங்குலம் தள்ளித் தகட்டில் புதிதாகத் துளை போட்டேன். சுற்றிலும் பெயிண்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்த்து வெள்ளித் தகடு தெரியவைத்தேன். உப்பு செய்த நாசத்தை உப்புத்தாளால் தேய்க்கிறோம் என்று அப்போது தோன்றியது, சிரித்துக்கொண்டேன். புது வயர் துண்டு இணைத்து, புது திம்பிளை நன்றாக நசுக்கி, பல் வைத்த வாஷர் போட்டு, நட்டும் போல்ட்டுமாக முறுக்கினேன். வாஸ்லினைக் கடைசியில்தான், இறுக்கி முடித்த பிறகு மேலே பூச வேண்டும். இரும்பு தெரிகிற இடத்துக்கெல்லாம் ரெட் ஆக்சைடு. பீடிங்குக்குப் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் தேடினேன், கிடைத்ததும் நம்முடையதைவிடப் பழசு. சிலிக்கான் தடவிச் சமாளித்திருக்கிறேன்.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். 0.04. எதிர்வீட்டுப் பையனைக் கூப்பிட்டு மறுபடி பெடலை மிதிக்கச் சொன்னேன். சுவர் முழுக்கச் சிவப்பு.

அடுத்து டிக்கி ஃபியூஸ். இது வேறு வகைத் தொல்லை, எர்த்துக்குச் சம்பந்தமில்லை. நீல நிறத்தில் இருக்க வேண்டிய 15 ஆம்பியர் ஃபியூஸ் இடத்தில் பச்சை நிறத்தில் ஒன்று இருந்தது. பச்சை என்றால் 30. அடிக்கடி போகிறதே என்று யாரோ, எப்போதோ, பெரிய ஃபியூஸாகப் போட்டுவிட்டிருக்கிறார்கள். கோளாறைச் சரிசெய்யாமல் பெரிய ஃபியூஸ் போடுவது, வீட்டில் திருடன் வந்தால் குரைக்கிற நாயின் வாயைக் கட்டிவிடுவது மாதிரி. அடுத்து எரிவது வயர். என் வண்டியில் ஏற்கெனவே உருக ஆரம்பித்திருந்தது.

ஹேட்ச்பேக் வைத்திருப்பவர்கள் டிக்கிக் கதவைத் திறந்து மேல் கீல் பக்கம் பாருங்கள். பாடியிலிருந்து கதவுக்குப் போகும் மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். உள்ளே நம்பர் பிளேட் விளக்கு, பின் வைப்பர், டிக்கி லாக் என்று எல்லா வயரும் ஒரு கட்டாகப் போகிறது. கதவை ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் அந்தக் கட்டு ஒரே இடத்தில் மடிந்து நிமிர்கிறது. பதினாறு வருஷத்துக்கும் மேல். ரப்பரைத் தள்ளிப் பார்த்தேன். இரண்டு வயரில் தோல் வெடித்துச் செம்பு வெளியே. ஒன்று தகட்டின் விளிம்பில் உரசி அங்கே கறுத்த புள்ளி. இன்னொரு வயர்தான் வேடிக்கை. பார்க்க முழுசாக, தோலில் ஒரு கீறல்கூட இல்லை. பிடித்து லேசாக இழுத்தால் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு எப்போதோ அறுந்துவிட்டது, தோல் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. கதவை மூடினால் முனைகள் தொட்டுக்கொள்ளும், திறந்தால் பிரியும். மெக்கானிக் கதவைத் திறந்து பார்ப்பார், வேலை செய்யாது. மூடிவிட்டுப் பேசும்போது வேலை செய்யும்.

மூன்றையும் மாற்றினேன். அந்த இடத்துக்கு வழக்கமான வயர் வேண்டாம், மெல்லிய இழைகள் நிறைய உள்ள சிலிக்கான் வயர் வாங்கு என்றார் பாய். ஜாயிண்ட் எதுவும் ரப்பர் மடிப்புக்குள் வரக்கூடாது. பாடிப் பக்கம் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று. அதிலும் மூன்று வயரின் ஜாயிண்ட்டும் ஒரே இடத்தில் வராமல் முன்பின்னாகத் தள்ளிப் போட வேண்டும். "ஒரே எடத்துல மூணு போட்டா மலைப்பாம்பு கோழி முழுங்குன மாதிரி தடிச்சிக்கும்" என்றார். மேலே இன்சுலேஷன் டேப் சுற்றாமல் சூடு காட்டினால் சுருங்கும் ஸ்லீவ் போட்டேன். மே மாத வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து கையெல்லாம் ஒட்டும் அனுபவம் போதும்.

நீல ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். இன்றுவரை போகவில்லை.

இனி வியாழக்கிழமை. பேட்டரி மைனஸ் கேபிளைக் கழற்றி, முனைக்கும் கேபிளுக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்தேன். கதவைத் திறந்துவைத்து அதன் லாக்கை ஸ்க்ரூடிரைவரால் தட்டி மூடினால், கதவு மூடியிருக்கிறது என்று வண்டி நம்பிவிடும். அப்போது உள்ளேயிருக்கிற ஃபியூஸ் பெட்டியை எட்டலாம். இந்த நிலையில் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் உயிர் போய்விடும். இருபது நிமிஷம் காத்திருந்தேன். எல்லாம் அடங்கிய பிறகு 50 மில்லி ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். எனக்கு 0.45 ஆம்பியரில் நின்றது, அதாவது 450 மில்லி.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். பாட்டு செட் மேல்தான் எனக்குச் சந்தேகம். வெளியே வாங்கிப் போட்டது, அதன் மஞ்சள் வயரில் எப்போதும் கரெண்ட் இருக்கும். அதைப் பிடுங்கினால் கடைசி இலக்கம் மட்டும் லேசாக அசைந்தது. உள்விளக்கு ஃபியூஸைப் பிடுங்கியதும் 0.03க்கு விழுந்தது. ஆனால் உள்ளே எந்த விளக்கும் எரியவில்லையே! டிக்கிக்குள் ஒரு விளக்கு உண்டு. டிக்கியை மூடினால் அணைய வேண்டும். மூடிய டிக்கிக்குள் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? நான் உள்ளே படுத்துக்கொள்கிறேன் என்று என் மகள் உடனே முன்வந்தாள். அவளுக்குப் பதில் அவள் அம்மாவின் போனை வீடியோவில் போட்டு உள்ளே வைத்து மூடினேன். ஒரு நிமிஷம் கழித்து எடுத்துப் பார்த்தால், படத்தில் ஸ்டெப்னியும் ஜாக்கியும் பளிச்சென்று தெரிகின்றன, பின்னணியில் எங்கள் பேச்சு.

5 வாட் பல்பு. ஐந்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 0.42 ஆம்பியர். கணக்கு ஒட்டுகிறது. ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி. என் பேட்டரி 35. ஞாயிறு இரவு நிறுத்தினால் திங்கள், செவ்வாய், புதன் ஓடிவிடும், வியாழன் காலை முடிந்துவிடும். அம்மாவிடம் வீடியோவைக் காட்டினேன். "எப்படியோ கண்டுபிடிச்சியே, அதுக்குத்தான் மாலை" என்றார். லாக்குக்குள் இருக்கும் சிறிய சுவிட்ச் உப்பு பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. காண்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முறை அழுத்தி எடுத்ததும் விட்டுக்கொடுத்தது. நம்பிக்கை இல்லாததால் பல்பையும் கழற்றிவிட்டேன். டிக்கிக்குள் எனக்கு என்ன வெளிச்சம் வேண்டியிருக்கிறது?

ஹெட்லைட்டை நான் கடைசியாக வைத்திருந்தேன். செய்திருக்கக்கூடாது. எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்த ஒரு ராத்திரி, முன்னால் பின்விளக்கே இல்லாமல் போன மீன்பாடி வண்டியைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த நாளே வேலையை ஆரம்பித்தேன்.

எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட். விளக்கு எரியும்போது பல்பு ஹோல்டரில் 11.6. இரண்டரை வோல்ட் வழியிலேயே காணாமல் போகிறது. ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் முப்பது சதவீதம்போலக் குறைந்துவிடும். அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைத்தது பாதிக்குக் கொஞ்சம் கூடுதல். காரணம், என் வண்டியில் ஹெட்லைட்டின் மொத்தக் கரெண்ட்டும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்கு வந்து, ஸ்டீயரிங் அடியிலுள்ள அந்தச் சின்ன சுவிட்சுக்குள் நுழைந்து, மறுபடி முன்னால் போகிறது. இரண்டு 55 வாட் பல்புக்கு ஒன்பது ஆம்பியர். பழைய சுவிட்ச் கருகியதும் இதனால்தான்.

கடைக்காரர் 100 வாட் பல்பு போடச் சொன்னார். ஏற்கெனவே மூச்சு வாங்குகிற வயரில் இரண்டு மடங்கு பாரம் ஏற்றுவது அது, ஹோல்டர் உருகும். எல்.இ.டி. போடுங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். இந்த ரிஃப்ளெக்டர் மெல்லிய இழை இருக்கிற இடத்தைக் கணக்கு வைத்துச் செய்தது. அதில் எல்.இ.டி.யை மாட்டினால் பெரும்பாலும் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணில்தான் போய் விழுகிறது. எனக்கு அந்தப் பாவம் வேண்டாம்.

இரண்டு ரிலே போட்டேன், ஹைக்கு ஒன்று, லோவுக்கு ஒன்று. ரிலே என்றால் சிறிய கரெண்ட்டால் பெரிய கரெண்ட்டைத் திறந்துவிடும் சுவிட்ச், அதன் கால்களுக்கு நம்பர் உண்டு. 30 என்ற காலுக்கு பேட்டரியிலிருந்து நேராக 2.5 சதுர மி.மீ. வயர், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் ஃபியூஸ். 87லிருந்து பல்புகளுக்கு. பழைய ஹெட்லைட் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. இனி அந்தச் சின்ன சுவிட்ச் ரிலேயின் காயிலைத் தட்டியெழுப்பினால் போதும். அதற்குக் கால் ஆம்பியர்கூடத் தேவையில்லை. பல்பின் எர்த்தையும் தகட்டை நம்பாமல் பேட்டரி மைனஸுக்கே இழுத்துவிட்டேன். சாமான் செலவு ஆயிரத்துக்குள் முடிந்தது. ஹோல்டரில் இப்போது 13.6. பல்பு பழைய பல்புதான்.

மஞ்சள் படிந்த கண்ணாடியை (உண்மையில் அது பிளாஸ்டிக்) 800, 1500, 2000 நம்பர் உப்புத்தாளில் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். தேய்த்து முடித்தபின் வெயில் தாங்கும் கிளியர் லேக்கர் அடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சள். இடது பக்கம் லேக்கர் லேசாக வழிந்துவிட்டது. வழிந்தது வழிந்ததுதான்.

போன வாரம் பாயிடம் வண்டியைக் காட்டப் போனேன். பானெட்டைத் திறந்து ரிலேக்களைப் பார்த்தார், ஒரு வயரை ஆட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டார்.

"செல்ஃப் இழுக்குது பாரு. எஞ்சின்லேந்து பாடிக்கு வர்ற எர்த்து பட்டை எப்ப மாத்துன?"

மாற்றியதே இல்லை. குனிந்து பார்த்தேன். கியர் பாக்ஸ் பக்கத்தில் பின்னல் போட்ட செம்புப் பட்டை ஒன்று. பாதி இழை அறுந்து மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. மீதிப் பாதி பச்சை.